மரத்தின் இடது ஓரம்

தாராவி
3-5-1964

அன்புள்ள சுந்தரராமனுக்கு,

நானும் என் மகள் ரோஷனும் இருக்கிறோம். நீரும் ராஜலக்ஷ்மியம்மாவும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்தே வரலாம். இருந்தும் தபாலில் எழுதுகிறேன். வந்து பார்த்தாயிற்றே, மூன்று முறை! "அவர் ஆத்துல இல்லையே, பாய்" என்றார்கள் உம் வீட்டம்மா. உம் செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. வெறுங்காலோடு ஆபீஸ் போகிற வழக்கம் எப்போது வந்ததோ!

நான் கேட்பது ஒன்றுதான். டிராம்பே உப்பளத்துப் பக்கம் நான் எடுத்த தூங்குமூஞ்சி மரத்தின் நெகட்டிவ். ஜனவரியில் உம்மிடம் கொடுக்கும்போதே விவரமாகச் சொன்னேன். வலப்பக்கம் மரம், இடது ஓரத்தில், கிளை நுனிக்குக் கீழே நிற்பது என் மனைவி சைனப். ஸ்டூடியோவில் போட்டால் எறும்பளவு தெரிவாள், உம்மிடம் என்லார்ஜர் இருக்கிறது, பெரிதாகப் போட்டுத் தாரும் என்றேன்.

பெருநாள் கழிந்து ஒன்பதாம் நாள் அவள் மௌத்தானாள். நீரும் வந்து சந்தில் நின்றீர். அவளுக்கு வேறு படமே கிடையாது. கேமராவைத் தூக்கினாலே முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள். அன்றைக்கும், "மொகத்த எடுக்காதீங்க. மரத்த எடுங்க, நான் ஓரமா நிக்கேன்" என்றுதான் போய் நின்றாள். ரோஷனுக்கு மூன்று வயது. உம்மா முகம் அவளுக்கு மறந்துகொண்டு வருகிறது. நெகட்டிவைக் கொடுத்தனுப்பும்.

உம்முடைய
ஜெயினுலாப்தீன்


மாட்டுங்கா
8-5-1964

அன்புள்ள பாய்,

உமது கடிதம் வந்தது. என்னிடம் இரண்டு ஜோடி செருப்பு இருக்கிறது ஐயா, அதற்குப் போய் இவ்வளவு கிண்டலா!

நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் வெள்ளையடிப்பு, பெட்டியெல்லாம் பரணில். மழைக்கு முன் இறக்கித் தருகிறேன்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீரே? அந்தப் படத்தைப் பல நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். மரம் அருமை. நடுவில் நிறுத்தாமல் தள்ளி நிறுத்தியிருக்கிறீர். வானத்துக்கு முக்கால் பங்கு கொடுத்திருக்கிறீர். ஆனால் இடப்பக்கம் இடம் அதிகம். பார்ப்பவன் கண் நேராக அந்தச் சின்ன உருவத்துக்குப் போய்விடுகிறது. மரம் காத்துக்கொண்டு நிற்கிறது. தனிமரம் என்றால் தனியாகத்தான் நிற்க வேண்டும் என்பது எங்கள் போட்டோ கிளப்பில் எல்லாருடைய அபிப்பிராயமும். முன்போல் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிராம்பே பஸ் ஏறுவோம், வாரும்.

அன்புடன்
சுந்தரம்


தாராவி
17-5-1964

சுந்தரராமனுக்கு,

நேற்று பட்டறையில் தைத்த தோல் பெட்டி டெலிவரிக்காகக் கோட்டைப் பக்கம் போனேன். உங்கள் கிளப்பின் கண்காட்சி என்று போர்டு தொங்கியது. உள்ளே போனேன். இரண்டாவது சுவரில் என் மரம். கீழே உம் பெயர். பக்கத்தில் முதல் பரிசுச் சீட்டு.

பெயரைப் பற்றி நான் கேட்கவில்லை. மரத்தை நீர் எடுத்துக்கொள்ளும். உமக்கு மரம் வேண்டும், எனக்கு என் பெண்சாதி வேண்டும். கண் முதலில் அவளிடம் போகிறது என்று குறை சொன்னீரே, போகட்டும் என்றுதானே அவளை அங்கே நிறுத்தினேன்! மரம் எவ்வளவு பெரிசு என்று தெரியவேண்டும் என்றால் பக்கத்தில் ஆள் வேண்டும்.

சுவரில் தொங்குவது சதுரம். நான் எடுத்தது நீளப் படம். மிச்சம் எங்கே? வெள்ளையடிப்பு, பரண் என்று கதை வேண்டாம். உண்மையை எழுதும்.

ஜெயினுலாப்தீன்


மாட்டுங்கா
19-5-1964

அன்புள்ள பாய்,

மூன்று மாதமாக இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் ஒளிந்துகொண்டிருந்தேன். செருப்பு என்னுடையதுதான். கதவுக்குப் பின்னால்தான் நின்றேன்.

என் என்லார்ஜரில் சதுர நெகட்டிவ்தான் உட்காரும். உம்முடையது அதைவிட ஓர் அங்குலம் நீளம். அதனால் கத்தரித்தேன். இடது பக்கம்தான் காலி என்று தோன்றியது. அது யார் என்று எனக்குத் தெரியும், மறைக்கவில்லை. ஆனால் அது பிப்ரவரி முதல் வாரம். அப்போது அவர்கள் உயிரோடு இருந்தார்கள். இன்னொரு ஞாயிறு போய் எடுத்தால் போயிற்று என்று நினைத்தேன். எனக்கு இருட்டறை குளியலறைதான்; வெட்டிய துண்டு அந்தத் தரையில் விழுந்தது. காலையில் குப்பையோடு போய்விட்டது.

மௌத்து வீட்டுக்கு வந்து சந்தில் நின்றபோது என் மனசு பட்ட பாடு உமக்குத் தெரியாது.

மரத்தைக் கண்டுபிடித்தது நீர், ஃப்ரேமைக் கண்டுபிடித்தது நான். அந்த எண்ணத்தில்தான் என் பெயரைப் போட்டேன். அதுவும் தப்புதான். பரிசு வாங்கிய பிரிண்டையே, அட்டையில் ஒட்டியபடி, இத்துடன் பார்சல் செய்திருக்கிறேன். உம் வீட்டுச் சுவரில் இருக்கட்டும். இதற்கு மேல் நான் என்ன செய்ய, சொல்லும்.

உம்முடைய
சுந்தரம்


தாராவி
24-5-1964

திரு. சுந்தரராமன் அவர்களுக்கு,

பார்சல் கிடைத்தது. பட்டறையில் விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். உங்கள் ஃப்ரேம் நன்றாகத்தான் இருக்கிறது. மரம் தனியாக நிற்கிறது.

நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. நான் எடுத்தது சாயங்கால வெயில், இடப்பக்கத்திலிருந்து வந்தது. ஆளை வெட்டிவிட்டீர்கள். அவள் நிழல் தரையில் நீண்டு உங்கள் சதுரத்துக்குள் வந்து கிடக்கிறது. கிளை நிழல் என்று விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. வெயிலுக்கு நெற்றியில் கைவைத்திருக்கிறாள். முழங்கை மடிப்புகூடத் தெரிகிறது.

தோல் அறுக்கும் கத்தியால் அந்த இடத்தை மட்டும், உள்ளங்கையளவு, வெட்டி எடுத்துக்கொண்டேன். மீதியைத் திருப்பி அனுப்புகிறேன். மூலையில் ஓட்டை இருக்கும். கிளப்பில் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள், உங்களுக்குச் சொல்ல வரும்.

நீங்கள் வெட்டியதை மன்னித்திருப்பேன். நானும் கத்தி பிடிக்கிறவன், கை தவறும். என் பெண்சாதியின் மௌத்தில் என் தோளைத் தொட்டு, "வேற படம் இருக்கா, பாய்?" என்று கேட்டீர்களே, அதை மன்னிக்க எனக்கு மனசு இல்லை. பட்டறைப் பக்கம் வரவேண்டாம். எழுதவும் வேண்டாம்.

துண்டை ரோஷனிடம் காட்டி, இதுதான் உம்மா என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உம்மா ஏன் வாப்பா கறுப்பா இருக்கா?" என்று கேட்டாள்.

"வெயில்ல நிக்கா" என்றேன்.

இப்படிக்கு
மு. ஜெயினுலாப்தீன்