பீரோவுக்கு அடியில் ஒரு பூனை

மச்சானுக்கு,

போன லீவில் நீங்கள் உதைத்து எறிந்த தெருப்பூனையை வீட்டில் சேர்த்துக்கொண்டேன். மூங்கில் பத்தை வைத்துக் கட்டியதில் அதன் கால் கூடிவிட்டது. அதே லீவில் ஒடிந்த என் கையும் கூடிவிட்டது. பூட்ஸ் சத்தம் கேட்டால் மட்டும் பூனை இன்னும் பீரோவுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது.

சோழபுரத்து அண்ணன் ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டியைக் கொண்டுவந்து விட்டார். "ஏட்டி, நீ மட்டும் சோறு வையி. வேத்தாள் கை படக்கூடாது" என்றார். பூனையோடு ஒரே சாக்கில் படுத்து வளர்ந்த நாய், இப்போது என் இடுப்புயரம் நிற்கிறது. பூனை ஒளிந்தால் அது எழுந்து வாசலுக்குப் போகிறது.

பொங்கலுக்குப் பட்டாளத்திலிருந்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். எப்போதும்போல பூட்ஸோடு உள்ளே வாருங்கள்.

நாய்க்கு உங்களைத் தெரியாது. சங்கிலி வாங்கச் சொன்னார்கள், நான் வாங்கவில்லை.

இப்படிக்கு,
அதற்குச் சோறு வைப்பவள்