தகரனுக்கு ஒரு நாற்காலி

மார்ச் 3

அன்புள்ள சின்னவனுக்கு,

அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்க்கச் சொல்லி நீ அனுப்பிய குழந்தைகள் கதை வந்தது. நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில், வீங்கிய கன்னங்களுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். வலியில் முனகியவர்கள் எவ்வளவோ தேவலை.

கோட்டைக் கதவைக் காக்கும் தகர மனிதன், தகரன். நெஞ்சைத் தட்டினால் காலி டப்பா சத்தம். ‘எனக்கும் அழுகை வராதா, பாசம் வராதா’ என்று பக்கத்துக்குப் பக்கம் புலம்புகிறான். அடேயப்பா! இவ்வளவு புலம்பத் தெரிந்தவனுக்கு இன்னும் என்ன உணர்ச்சி வேண்டிக் கிடக்கிறது? கடைசி அத்தியாயத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதும் ராஜா முதல் சமையல்காரி வரை ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்கள். எனக்கும் கண்ணீர் வந்தது, கொட்டாவியில்.

ஒன்றை மட்டும் பாராட்டுகிறேன். உன்னை நீயே இவ்வளவு தத்ரூபமாக எழுதுவாய் என்று நினைக்கவில்லை. சத்தம் பெரிசு, உள்ளே காலி. டாக்டரும் வாங்கிப் படித்துவிட்டு, “பல்லு புடுங்க வந்து தெருவையே கூட்டினாரே உங்க தம்பி, அவரேதாம்மா!” என்றார்.

வெளியீட்டு விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறாய். அப்பா போன பிறகு நாம் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. வருகிறேன், வேடிக்கை பார்க்கவாவது.

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

தகரன் நான் இல்லை. நீ.

அப்பா இறந்த அன்று வீடே அழுதது. நீ மட்டும் நாற்காலி போடச் சொல்லி எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாய். உன் தோளில் சாய வந்தேன். “மூக்கத் தொடைடா, ஆளுங்க வராங்க” என்றாய். உன்னைக் கதையிலாவது அழவைப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கடைசி அத்தியாயம் உனக்கு என் பரிசு. விழா மேடையில் இதைச் சொல்லி, முன்வரிசையிலிருந்து உன்னை எழுந்து நிற்கச் சொல்லப் போகிறேன்.

தம்பி

மார்ச் 14

பாசக் கடலுக்கு,

பரிசா? இதற்கு நீ என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம், தபால் செலவாவது மிஞ்சியிருக்கும்.

நீ அழுதாய், ஒத்துக்கொள்கிறேன். அழகாகவே அழுதாய். ஒருத்தர் விசிறினார், ஒருத்தர் தண்ணீர் கொடுத்தார், பெரியப்பா மடியிலேயே போட்டுக்கொண்டார். அப்பாவைப் பார்க்க வந்தவர்கள் உன்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த நேரம் அப்பாவைக் கட்டிலோடு வெளியே தூக்கி வந்தவர்கள் வாசலில் சிக்கிக்கொண்டு நின்றது உனக்குத் தெரியுமா? கதவு பாதிக்குமேல் திறக்கவில்லை. கீல் துருப்பிடித்துக் கிடந்தது. எண்ணெய் ஊற்றி, ஆணியைத் தட்டி எடுத்து, கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்தது இந்தத் தகரம்தான். நானும் உன் பக்கத்தில் படுத்து ஒப்பாரி வைத்திருந்தால் அப்பா இன்னும் வாசலில்தான் இருப்பார்.

உன் கதையிலும் அதே ஓட்டை. தகரனைக் கட்டிக்கொண்டு எல்லோரும் அழுகிறார்களே, அந்த அத்தியாயம் முழுக்கக் கோட்டைக் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. யார் பார்த்துக்கொள்வது? உங்கள் பாசமா?

மேடையிலிருந்து என்னை எழுப்புவதாக இருந்தால் நான் வரவில்லை. இனிக் கடிதமும் வேண்டாம். எழுந்தால் உன் தகரனுக்குப் போலவே எனக்கும் முழங்கால் கிரீச்சிடுகிறது. அதை மட்டும் சரியாக எழுதியிருக்கிறாய்.

அக்கா

மார்ச் 22

அக்கா,

கடிதம் வேண்டாம் என்றாய். இதை மட்டும் படித்துவிடு.

அந்தக் கதவு விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைசி அத்தியாயத்தை மாற்றிவிட்டேன். இப்போது தகரன் அழுவதில்லை. மற்றவர்கள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அவன் போய்க் கதவைச் சாத்துகிறான். பக்கங்களை இதோடு வைத்திருக்கிறேன். மேடையில் உன்னைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். வருவாயா?

தம்பி

ஏப்ரல் 2

சின்னவனுக்கு,

புது அத்தியாயம் பழசு அளவுக்கு மட்டமில்லை. டாக்டருக்குத்தான் பிடிக்கவில்லை. “அழுதாத்தானேம்மா கதை” என்கிறார். அவருக்கென்ன, பிறரை அழவைத்தே பிழைப்பவர்.

ஆனாலும் உனக்கு முழுசாகப் புத்தி வந்துவிடவில்லை. கதவைச் சாத்தியவனைக் கடைசி வரியிலும் நிற்க வைத்தே கதையை முடிக்கிறாய். எத்தனை நாள்தான் நிற்பான்? எல்லோரும் தூங்கப் போன பிறகு, கதவில் முதுகைச் சாய்த்து அவன் உட்கார்ந்தான் என்று ஒரு வரி சேர். அதோடு நிறுத்து. உட்கார்ந்து என்ன செய்தான் என்பது உன் வேலை இல்லை.

விழாவில் எனக்கு முன்வரிசை வேண்டாம். கதவுப் பக்கம் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு வை. கதவை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே.

அக்கா