எல்லாரும் ‘இங்கீ’ என்றார்கள்

ஜனவரி 6, திங்கள்

காலைக் கூட்டத்தில் வாய் வலிக்கப் பேசினேன். இறால் அப்பளத்தை வாங்கிப் போய் வீட்டில் எண்ணெய் காயவைத்துப் பொரிக்க இப்போது யாருக்குப் பொறுமை இருக்கிறது? புதிதாக ஏதாவது செய்யாவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான், உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள் என்றேன். அப்பளம் காயவைக்கும் வேலையைப் பார்க்கும் ஜுமாடி தலை குனிந்து, “இங்கீ, இபு” என்றார். பொட்டலம் கட்டும் பெண்களை மேய்க்கும் சுலாஸ்மியும் “இங்கீ, இபு” என்றாள். பின்னால் நின்ற அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள்.

நான் கேட்டது கேள்வி. அதற்கு “ஆகட்டும்ங்கம்மா” என்பது ஒரு பதிலா? ஜாவாக்காரியாகப் பிறந்ததிலிருந்து இந்த ‘இங்கீ’யைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது ஆமாம் என்றும் இருக்கும், இல்லை என்றும் இருக்கும், ஆளை விடு தாயே என்றும் இருக்கும்.

ஜனவரி 7

விர்யோ அண்ணன் எங்கள் ஊர் சிடோஆர்ஜோவுக்கு வந்திருந்தார். கம்பெனியில் பாதி அவர் பேரில் இருக்கிறது. “நிங், கிடங்கு கட்டுறவங்க நம்ம நிலத்தைக் கேக்கிறாங்க. நோன்புப் பெருநாள் வரைக்கும் பொறுக்கிறேன். அதுக்குள்ள புதுசா ஒண்ணு ஓடிச்சுன்னா சரி. இல்லைன்னா பேசாம கையெழுத்துப் போட்டுட்டுப் பேரனைக் கொஞ்சிக்கிட்டு இரு.”

எனக்குப் பேரனே கிடையாது. அது அவருக்கும் தெரியும். கொழுப்பு! விற்க விடமாட்டேன்.

ஜனவரி 14

போன வாரம் வாசலில் யோசனைப் பெட்டி வைத்தேன். இன்று திறந்தால் ஒரே ஒரு சீட்டு. “பெட்டி ரொம்ப அழகாக இருக்கிறது, இபு.”

ஜனவரி 16

கண்டுபிடித்துவிட்டேன். எல்லாம் இந்த மரியாதைப் பேச்சால் வரும் வினை. பெரியவர்களிடம் பேச எங்களுக்கு ஒரு பேச்சு, கூட்டாளியிடம் பேச வேறு பேச்சு. சொற்களே வேறு. மரியாதைப் பேச்சில் மறுத்துப் பேச யாருக்கு நாக்கு எழும்? ஆகவே உத்தரவு போட்டேன்: நாளையிலிருந்து என்னிடமும் நீ, வா, போதான். எப்படி என் மூளை!

ஜனவரி 17

கம்பெனியில் பேச்சே நின்றுபோய்விட்டது. ஜுமாடி என் எதிரில் வந்து வாயைத் திறந்தார், மூடினார், சுட்டுவிரல் நீட்டினால் மரியாதைக் குறைவு என்று கட்டைவிரலால் வானத்தைக் காட்டினார், ஓடிவிட்டார். எனக்கு விளங்குவதற்குள் மழை கொட்டி ஒரு வரிசை அப்பளம் ஊறிப்போயிற்று.

சாயங்காலம் சுலாஸ்மி வந்து அழுதாள். “எங்க மேல என்ன கோபம், இபு? ஜுமாடி அண்ணன் மத்தியானம் சாப்பிடவே இல்லை. உங்களை ‘நீ’ன்னு கூப்பிட்டுத்தான் இங்க இருக்கணும்னா நான் வேலையை விட்டுடறேன்.”

நாசமாப் போச்சு. அடி நிங், மரியாதை அவங்க சொத்துடி. அதையா பிடுங்கப் போனே?

ஜனவரி 18

உத்தரவை வாபஸ் வாங்கினேன். எல்லாரும் “இங்கீ” என்றார்கள்.

ஜனவரி 22

டீ நேரத்தில் கொட்டகைப் பக்கம் போனேன். உள்ளே ஒரே அமளி.

“சுடுமணல்ல பொரிச்சா எண்ணெயே வேண்டாம்ல?”

“மணலைத் தின்னவனுக்கு யாரு பல்லு கட்டுறது, உன் மாமனாரா?”

“சலிச்சு எடுக்கத் தெரியாதா? உன் கை என்ன பூப்பறிக்கவா இருக்கு?”

எனக்குக் காது குளிர்ந்தது. சந்தோஷத்தில் உள்ளே நுழைந்தேன். அவ்வளவுதான், எல்லாரும் எழுந்து நின்று தரையைப் பார்த்தார்கள்.

நீ, வா, போ என்று மாற்றச் சொல்லியும் என்னிடம் வாய் திறக்கவில்லை; அப்படியானால் பேச்சில் இல்லை கோளாறு. ஒரு மூட்டை மாவு வீணானால் யார் தலை உருளும்? அவர்கள் தலைதானே? பிறகு எதற்கு என்னிடம் வாயைத் திறக்கப் போகிறார்கள்? அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் இங்கீதான் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 23

கூட்டத்தைக் கூட்டிச் சொன்னேன்: பின்கட்டிலுள்ள பழைய அறை இனி உங்களுடையது. வாரத்துக்கு ஒரு மூட்டை மாவு, என்ன வேண்டுமானாலும் செய்து கெடுங்கள். கூப்பிடாமல் நான் உள்ளே வரமாட்டேன். கெட்டுப்போனதை மத்தியானம் உங்கள் எல்லார் முன்னாலும் நானே தின்பேன், ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

“இங்கீ, இபு.” ஆனால் சுலாஸ்மி சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன்.

ஜனவரி 28

பல்லெல்லாம் மணல். கடவுளே.

பிப்ரவரி 3

இன்று உப்பு. சொன்ன சொல்லுக்காக முழுசும் தின்றேன். என் முகம் போன போக்கைப் பார்த்து ஜுமாடிக்குத் தாங்கவில்லை. “தண்ணி கொண்டு வரட்டுங்களா, இபு, இல்லை கிணத்தையே கொண்டு வரட்டுங்களா?” மரியாதைப் பேச்சு துளி குறையாமல் கிண்டல்! எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

பிப்ரவரி 10

வந்துவிட்டது! சுண்டுவிரல் நகத்தளவு குட்டி அப்பளம், மணலில் பொரித்தது, எலுமிச்சை இலைத் தூளும் மிளகாயும் தூவியது. பிரித்தால் அப்படியே தின்னலாம். கையை எடுக்க முடியவில்லை.

பிப்ரவரி 13

சுரபாயாவில் பெரிய கடைக்காரரைப் பார்த்தேன். அவருக்கு ஜாவா முழுக்கக் கடைகள். தின்று பார்த்துவிட்டு, “நோன்புக்கு முன்னாடி எங்க எல்லாக் கடைக்கும் வேணுமே, முடியுமில்லே?” என்றார். முடியும்ங்க என்றேன். பறந்து வந்து கூட்டத்தில் சொன்னேன்.

சுலாஸ்மி எழுந்தாள். கைகட்டி, தலைகுனிந்து, “இல்லைங்க, இபு” என்றாள். “இந்த மழையில அவ்வளவு அப்பளம் காயாது. ஈரத்தோட பொரிச்சு அனுப்பினா கடையிலேயே நமத்துப் போயிடும். முதல் பொட்டலம் நமத்திருந்தா ரெண்டாவதை எவன் வாங்குவான்?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “இந்த ஆர்டரை விட்டா நிலமே போயிடும்டி, தெரியுமா உனக்கு?” என்று கத்திவிட்டேன். அவள் உட்காரவில்லை. ஜுமாடியும் எழுந்து, “அவ சொல்றது சரிதாங்க, இபு” என்றார். தரையைப் பார்த்தபடிதான் சொன்னார். ஆனாலும் நின்றார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சுரபாயாவில் நான் சொன்ன ‘முடியும்ங்க’ மட்டும் என்னவாம்? பெரிய மனுஷர் முகம் கோணக் கூடாதே என்று சொன்ன இங்கீதானே?

பிப்ரவரி 14

போன் செய்தேன். “எல்லாக் கடைக்கும் முடியாதுங்க. சுரபாயாவுக்கு மட்டும் நல்லா காஞ்சதா தர்றேன். மத்ததெல்லாம் மழை விட்டப்புறம்.”

போச்சு என்று நினைத்தேன்.

“நேத்து முடியும்னீங்களே?”

“நேத்து உங்களுக்குப் பயந்துட்டேங்க.”

சிரித்துவிட்டார். “சரி, அனுப்புங்க.” போனை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

பிப்ரவரி 24

முதல் வண்டி போயிற்று.

மார்ச் 12

சுரபாயாக் கடைகளில் தீர்ந்துபோய் மறுபடியும் கேட்கிறார்கள். நோன்பு திறக்க அண்ணன் வந்தார். பேரீச்சம்பழத்தை ஒதுக்கிவிட்டு ஒரு பொட்டலத்தைக் காலி செய்தார். மடியில் விழுந்த தூளைத் தட்டியபடி, “கிடங்குக்காரங்க நேத்து கூப்பிட்டாங்க. விக்கலைன்னு சொல்லிட்டேன்” என்றார். நல்லா இருக்குன்னு சொல்ல அந்த வாய் வருமா? போகும்போது ரெண்டு பொட்டலம் எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 13

பழைய அறையில் காலையிலிருந்து ஏதோ சண்டை. என்னதான் செய்கிறார்கள் என்று மனசு கேட்கவில்லை, போய்க் கதவைத் தட்டினேன்.

“இப்ப வராதீங்க, இபு” என்று உள்ளேயிருந்து சுலாஸ்மி சொன்னாள். “ஆனதும் கூப்பிடுறோம்.”

சரிங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.