ஏழு மணி பஸ்ஸை உன் அம்மா மறித்தது

எருத்தேன்பதி
20-8-1974

அன்பு மகள் திலகவதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாடுகள் எல்லோரும் சுகம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அவ்விதமே இருக்க மாகாளியம்மன் துணையிருப்பாள். மழை போதவில்லை, கடலைச்செடி ஒருமாதிரி நிற்கிறது. இந்த மாதத் தொடக்கத்தில் உன் அம்மா பஸ்ஸை மறித்தாள். வேறு யாராவது எழுதி நீ பயந்துவிடக் கூடாதென்று நானே எழுதுகிறேன்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு பேச்சில்லாமல் கிடந்த உன் அம்மாவைக் கன்னியாஸ்திரீகளின் தறிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் நெசவு பழக்கியது சிஸ்டர் எமிலியானா. கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று நான் ஆறு மாதம் சண்டை போட்டேன். சேர்க்கவில்லை. அந்த சிஸ்டரை வயநாட்டுக்கு மாற்றிக் கடிதம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் அவர் ஏறியதும் தறிக்காரப் பெண்கள் பதினெட்டுப் பேர் முன்னால் போய் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள், நடுவில் உன் அம்மா. கண்டக்டர் தோட்டத்துக்கு ஓடிவந்து, ஏனுங்க, உங்க ஊட்டம்மாளக் கொஞ்சம் எந்திரிக்கச் சொல்லுங்க என்றார். போய்ச் சொன்னேன். நீங்களும் உக்காருங்க என்றாள். நான் உட்காரவில்லை, பக்கத்தில் நின்றுகொண்டேன். அதுவும் பஸ்ஸுக்கு முன்னால்தான் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். சிஸ்டர் இறங்கி வந்தார், கோபிக்கவில்லை. மேலிடம் சொன்னபடி கேட்பேன்னு சத்தியம் பண்ணினது நானாக்கும், நீங்களில்லை, என்னைப் பொய்க்காரியாக்க வேண்டா ஜானகியம்மா என்று தம் மலையாளத் தமிழில் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நடந்தார். நடக்கிறவரை எப்படி மறிப்பது. எல்லோரும் எழுந்து கூடவே நடந்தார்கள். பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். பஸ் மெதுவாகப் பின்னாலேயே வந்தது, ஹாரன் அடிக்கவில்லை. இரண்டு மைல் போனதும் உன் அம்மாதான் நின்றாள். அவருக்குக் காலு வலிக்குமுங்க, ஏறட்டும் என்றாள். சிஸ்டர் ஏறினார். யாரும் மறுபடி ரோட்டில் உட்காரவில்லை.

பிறகு மூன்று நாள் அவள் தறிக்கும் போகவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. நாலாம் நாள் புதிதாக வந்த சிஸ்டர், சின்னப் பெண், தையல் மட்டும் தெரிந்தவள், நம் வாசலில் நின்று, பாவு நூல் அறுந்துகொண்டே இருக்கு, எனக்கு முடிபோடத் தெரியலை, சொல்லித் தாங்கம்மா என்று அழுகிற மாதிரி கேட்டாள். உன் அம்மா கொண்டையை முடிந்துகொண்டு கூடவே போனாள். இப்போது பொழுது சாய்ந்துதான் வருகிறாள். ரசம் நான் வைக்கிறேன். குடிக்கிற மாதிரி இருக்கிறதாம்.

தை மாதம் குழந்தைக்குக் காதுகுத்து, லீவுக்கு இப்போதே சொல்லி வை. மாப்பிள்ளையை மழையில் சைக்கிளில் போக விடாதே. அம்மா நெய்த போர்வை பார்சலில் வரும். மாற்றல் கடிதம் வந்த வாரம் நெய்தது, ஓரம் கோணியிருக்கும். நன்றாக இருக்கிறதென்று அவள் பேருக்குத் தனியாக எழுது. கோணலைப் பற்றி எழுதாதே. நீங்கள் மூவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழவேண்டும்.

உன் அப்பா,
ஆ. சென்னிமலை