கழுத்துக்குக் கீழே மட்டும்

12 ஜூன், வெள்ளி

காலையிலேயே வெயில். அம்மா ஆறு மணி கம்பெனி பஸ்ஸில் செய்யாறு போயாச்சு. வீட்டில் நானும் பல்லியும். பல்லிதான் அதிகம் பேசுகிறது.

மாலை, பக்கத்துத் தெரு தேன்மொழி அக்கா வீட்டில் போட்டோ. முள்ளிப்பட்டு தறியிலிருந்து வந்த மூன்று பட்டுப்புடவைகள். கட்டிக்கொண்டு நிற்பது நான். போன் குரூப்பில் விற்பது அக்கா.

"உன் ஒசரத்துக்குப் புடவை சும்மா நிக்குதுடி. மூஞ்சி வராது, பயப்படாத."

பயம் என்று நான் சொல்லவே இல்லை. இடது கன்னத்து வெள்ளைத் திட்டு, இரண்டு வருடத்தில் பொட்டு அளவிலிருந்து ஊத்தப்பம் அளவு.

பைபிளில் ஒருத்தருடைய தலையை வெட்டித் தட்டில் வைத்தார்கள். எனக்குத் தலையை வெட்டிவிட்டு மிச்சத்தைக் குரூப்பில் வைக்கிறார்கள்.

ஞாயிறு சர்ச்சில் வாலிபர் ஆராதனை. வேதபாடம் வாசிக்க என் பெயர். எல்லோர் முன்னாலும், முகத்தோடு. அதற்குள் தேவை:
– ஜுரம்
– இல்லாவிட்டால் தொண்டைக்கட்டு
– இல்லாவிட்டால் நாற்பது நாள் மழை, ஒரு பெரிய கப்பல்

13 ஜூன், சனி

சர்ச்சில் பாட்டுப் பயிற்சி. முக்காடு எல்லாப் பெண்களும் போடுவதுதான். என்னுடையது மட்டும் மூக்கு வரை. பாஸ்டரம்மா மற்ற பெண்களிடம்: "இவளப் பாத்துக் கத்துக்குங்க. எப்பவும் முக்காட்ட எறக்கிவுட்டுகினு. எவ்ளோ பயபக்தி."

ஆண்டவரே, உமக்குத் தெரியும். வீடு வீடாகப் பாடப் போன கேரல் ரவுண்டில் கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியை நானே கேட்டு வாங்கியதும் தெரியும். சேட்டை என்று எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு மட்டும்தான் தெருவில் நிமிர்ந்து நடந்தேன்.

பிறகு பாஸ்டரம்மா போனைக் காட்டினார். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். நான்தான். கழுத்துக்குக் கீழே.

"யாரு பெத்த பொண்ணோ, இன்னா அழகா நிக்குது பாரு. இத நான் எடுத்துட்டேன், சாயங்காலம் வருது."

"தலையே இல்லையே ஆன்ட்டி?" என்றேன்.

"மூஞ்சி எப்டி இருந்தா இன்னாடி."

எல்லோரும் சிரிப்பு. நானும். சிரித்துக்கொண்டே போட்டோவில் என் மணிக்கட்டைப் பார்த்தேன். அங்கே இருக்கும் குட்டித் திட்டைக் காணோம். அக்கா போனிலேயே அழித்திருக்கிறாள்.

தலைதான் போச்சு, கையாவது என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

14 ஜூன், ஞாயிறு

ஜுரம் வரவில்லை. கப்பலும். அம்மாவுக்கு இன்றும் ஷிப்ட்.

பாஸ்டரம்மா இரண்டாவது வரிசை. அதே மஞ்சள் புடவை.

குனிந்தே வாசித்தேன். குரல் முக்காட்டுக்குள்ளேயே சுற்றியது. பின்னாலிருந்து ஒரு பெரியவர்: "காதுல உழல பாப்பா." மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் அவர்: "உழல."

துப்பட்டா முக்காட்டைக் காது வரை பின்னால் தள்ளினேன். நிமிர்ந்தேன். கடைசி வரி வரை வாசித்தேன்.

வாசலில் பாஸ்டரம்மா.

"எத்தினி நாளாடி இது?"

"ரெண்டு வருஷம்."

"சொல்லவே இல்லியே."

"நீங்கதான் பயபக்தின்னு சொல்லிட்டீங்களே ஆன்ட்டி."

அவர் சிரிக்கவில்லை. முந்தானையை நீவிக்கொண்டே நின்றார்.

"புடவை எப்டிகீது?"

"நான் கட்டிகினு நின்னப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

காலிலிருந்து மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இந்தத் தடவை கழுத்தோடு நிற்கவில்லை. அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

வீடு. பல்லி. நேற்றைய குழம்பு.

தேன்மொழி அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: "அடுத்த வாரமும் வரேன்கா. ஆனா தலையோட. கையையும் அழிக்காத."

பார்த்துவிட்டாள். 'டைப்பிங்' என்று காட்டியது. நின்றுவிட்டது.