எங்கள் ஹாலுக்குள் மட்டும் திறக்கும் வலைத்தளம்

ஜூன் 4
அம்மாவின் ஜிப் ரிப்பேர் கடைக்கு வலைத்தளம் தயார். சூட்கேஸ், கைப்பை, ஜாக்கெட் — எதற்கு என்ன கூலி, எல்லாம் படத்தோடு. பழைய லேப்டாப்பைச் செருப்பு அலமாரி மேல் வைத்து, அதிலிருந்தே ஓட விட்டிருக்கிறேன். இணையத்தில் வாடகைக்கு இடம் எதற்கு? நான்தான் பெரிய ஆளாயிற்றே.

அம்மா தன் போனில் பார்த்துவிட்டு, "அட, நம்ம கடைடீ!" என்றாள்.

இந்த மாதத்துக்குள் இதைப் பார்த்து ஒருவராவது வர வேண்டும். இல்லையென்றால் மாமாவின் மருந்துக்கடை கவுண்டரில் நான் உட்கார வேண்டும். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களோடு பேச்சு. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னதற்கே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

ஜூன் 9
ஒருவரும் வரவில்லை.

ஜூன் 11
மாமா வந்தார். "எங்க வீட்ல பாத்தா சும்மா சுத்திக்கிட்டே இருக்கும்மா, தொறக்கவே மாட்டேங்குது."

எங்கள் வைஃபையில் மட்டும் அழகாகத் திறக்கிறது. உலகத்துக்கே கடை விரித்ததாக நினைத்தேன். செருப்பு அலமாரியிலிருந்து சோபா வரைக்கும்தான் விரித்திருக்கிறேன்.

ஜூன் 12
காரணம் தெரிந்தது. வலைத்தளம் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாக 80, 443 என்ற இரண்டு போர்ட் வழியாகத்தான் வருவார்கள். கணினிக்கு எண் போட்ட வாசல்கள் அவை. இன்டர்நெட் கம்பெனி இரண்டையும் வெளியிலிருந்து அடைத்து வைத்திருக்கிறது. வீட்டு இணைப்பாம். பார்க்கலாம், காட்டக் கூடாதாம். என்ன ஒரு நல்ல மனசு!

8080 என்ற வாசல் திறக்கிறது. ஆனால் முகவரியோடு அந்த எண்ணையும் சேர்த்து அடிக்க வேண்டும்.

ஜூன் 14
அம்மா ஒரு வாடிக்கையாளரிடம்: "பேருக்குப் பின்னாடி ரெண்டு புள்ளி வைங்க, ஒண்ணுக்கு மேல ஒண்ணு. அப்புறம் எட்டு, பூஜ்யம், எட்டு, பூஜ்யம்..."

அவர்: "ஏம்மா, ஒரு ஜிப்பு மாத்த இவ்வளவு படிக்கணுமா?"

ஜூன் 17
இன்டர்நெட் கம்பெனிக்கு நானே போன் செய்தேன். பேச வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன்.

"மேடம், உங்க வாய்ஸ் வரல."

கத்தினேன். என் கணக்கில் அது கத்தல்.

"மோடத்த ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்."

கடைசியில் மனம் இரங்கினார்கள். வியாபார இணைப்புக்கு மாறினால் திறப்பார்களாம். விலையைக் கேட்டால் ஜிப் கடையையே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அம்மா வேறு: "ஊர்ல இருக்கற ஜிப்ப எல்லாம் சரி பண்றேன், உன் வாயில இருக்கறத மட்டும் நகத்த முடியலடீ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான்தான் குளியலறையில் போய்— ஏன் எனக்கு மட்டும் இப்படி? சே, போதும்.

ஜூன் 22
உள்ளே வரத்தான் தடை. வெளியே போவதை யாரும் கேட்பதே இல்லை! எனவே லேப்டாப்பே முதலில் வெளியே போகட்டும். இலவசமாக வழி தரும் ஒரு சேவையின் கணினியைப் பிடித்துக்கொண்டு, பிடியை விடாமல் இருக்கட்டும். பார்க்க வருகிறவர்கள் அங்கே போவார்கள். அந்தப் பிடி வழியாகவே இங்கே வந்துவிடுவார்கள். 8080 வேண்டாம், புள்ளி வேண்டாம்.

மாமா வீட்டில் திறந்துவிட்டது. "இப்ப தெரியுதும்மா" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். கவுண்டருக்கு ஆள் கிடைக்கவில்லை, பாவம்.

ஜூன் 27
வந்துவிட்டார்! அடுத்த தெரு போட்டோ ஸ்டூடியோ அக்கா, கேமரா பையோடு. நான் கடைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"வெப்சைட்ல பாத்துதான் வந்தேன். யாரு பண்ணாங்க? எங்களுக்கும் வேணும். நேர்ல வந்து பேசச் சொல்லுங்களேன்."

பேசாமல் இருப்பதற்காக ஒரு வலைத்தளம் செய்தேன். அது எனக்குப் பேச்சு வேலை பிடித்துத் தந்திருக்கிறது. வெகு சிறப்பு.

ஜூன் 29
போனேன். அக்கா லென்ஸைத் துடைத்தபடியே, "என்னம்மா, பாஸ்போர்ட் சைஸா?" என்றார்.

"வெப்சைட் பண்ணது நான்தான்."

தெருவில் போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். வாய்ஸ் வந்திருக்கிறது.