விரதமும் குளிசையும்

ஓர்ஸ் ஹில்,
சனி காலை.

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உங்கள் சீனி வருத்தம் எப்படி இருக்கிறது?

நேற்று இங்கே ஒரு சின்னச் சம்பவம், பயப்படவேண்டாம். நான் தங்கியிருக்கும் வீட்டு ஜெயரூபி மாமி சஷ்டி விரதம். குளிசை மருந்துதானே, சாப்பாடு இல்லையே என்று, வெறுவயிற்றில் சீனியைக் குறைக்கிற குளிசையைப் போட்டிருக்கிறார். மத்தியானம் சமையலறையில் வியர்த்துக் கொட்ட, என்னைப் பார்த்து, "நீ ஆர்? என்ர குசினிக்குள்ள என்ன செய்யிறாய்?" என்றார்.

பக்கத்து வீட்டு அக்கா, "சாமி வந்திட்டுது, தொடாதை பிள்ளை!" என்று கத்தினார்.

ஆனால் மூளை இரத்தத்திலுள்ள சீனியில்தான் இயங்குகிறது, அது குறைந்தால் புத்தி தடுமாறும் என்று படித்திருந்தேன். தண்ணீரில் சீனியைக் கரைத்து, மெல்ல மெல்லப் பருக்கினேன்.

"லக்சனா, விரதத்தை முறிச்சுப்போட்டியேடி!" என்று சற்று நேரத்தில் மாமி தெளிந்து ஏசினார். என் பெயரைக் கேட்டதும் அழுதுவிட்டேன். பிறகு டொக்டரிடமும் காட்டினோம்.

அம்மா, நீங்களும் அதே குளிசை, அதே விரதம். அப்பா கடலுக்குப் போனால் நீங்கள் தனியே. போனில் சொன்னால் "ஓம், ஓம்" என்று வைத்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். டொக்டரைக் கேட்கும்வரை விரதம் வேண்டாம்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள், இங்கே நித்திரை வருவதில்லை.

எங்கள் ஊர் பஸ் வந்துவிட்டது, கடிதத்தை நடத்துநரிடம் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் சாப்பிட்டுவிட்டு எனக்குப் போன் எடுத்து, என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

உங்கள் மகள்,
லக்சனா